விளைபொருள் விற்கும் இணையதளமும் அதற்கு வைக்கத்தக்க இலக்கும்

பயிரை விளைவிப்பதைக் காட்டிலும் விளைந்ததை நல்ல விலைக்கு விற்பதே சிரமமான காரியம் என்பது குடியானவர்கள் யாவரும் அனுபவத்தில் கண்ட விஷயம். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே வியாபாரி சொல்லும் விலைக்கு நெல்லைக் கொடுத்துவிட்டு, அதே நெல் அரிசியாகிச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் என்ன விலைக்குப் போகிறதென்பதைப் பின்னர் கேள்வியுற்று வருந்துவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இக்குறையை நீக்கும்பொருட்டு, குடியானவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி அமைத்துக்கொள்ள 2002-ம் வருஷத்திய கம்பெனிச் சட்டத் திருத்தம் வழி செய்தது. 2020-ம் வருஷத்தில் மத்திய அரசாங்கத்தார் இத்தகைய உழவர் அமைப்புகள் 10,000 ஏற்படுத்தும் திட்டமொன்றைத் தொடங்கி, அதன்கீழ் அமையும் ஒவ்வொன்றின் நிர்வாகச் செலவுக்கும் 3 வருஷ காலத்துக்கு மொத்தம் ரூ.18 லட்சம் வரையில் உதவ முன்வந்தனர். அவ்வாறு அமைந்த கம்பெனிகளிற் பலவும், தனிப்பட்ட நிலக்காரர்கள் சிலரும், தங்கள் அரிசி, மஞ்சள், வெல்லம், செக்கெண்ணெய் முதலியவற்றை உண்போருக்கு நேரே விற்கவேண்டுமென்று சொந்தத்தில் இணையதளம் அமைத்து வருகின்றனர்.

முயற்சி நல்லதே. ஆனால் இத்தளங்களிற் பல, எவ்வளவு விற்கும் என்ற கணக்கை முன்னதாகப் போடாமல் தொடங்கப்படுகின்றன. தளம் திறந்த அன்றே ஆர்டர்கள் வந்து குவியும் என்று நம்பி அரிசியை அரைத்துப் பொட்டலம் கட்டி அடுக்கிவைத்துவிட்டு, மூன்று மாதம் கழிந்ததும் பத்துப் பொட்டலங்கள் கூடப் போகாததைக் கண்டு மனம் தளர்ந்து தளத்தையே கைவிட்டுவிடுகின்றனர். அரசாங்க உதவி மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிடும். பங்குத்தொகையோ சிறு குடியானவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று சேர்த்துக் கொடுத்த பணம். அப்பணம் அளவறியாத எதிர்பார்ப்பினால் வீணாகுமானால், அடுத்த நல்ல காரியத்துக்கு அந்த ஊரில் எவரும் பங்கு சேரமாட்டார்கள். ஆகையால் இணையதளம் ஒன்றிடமிருந்து எதை, எவ்வளவு, எத்தனை காலத்தில் எதிர்பார்க்கலாம் என்பதை இங்கு விவரிப்பது பிரயோஜனமாகும்.

ஆசையும் இலக்கும்

"நமது அரிசி உலகமெங்கும் தெரியவேண்டும்" என்பது ஆசை, இலக்கு அன்று. "அடுத்த தை முதல் மறு தைக்குள் 200 கிலோ கருப்புக் கவுனி அரிசி தளத்தின் மூலமாக விற்கவேண்டும், அதற்குப் பொறுப்பு இன்னார்" என்பது இலக்கு. முன்னதைச் செய்துவிட்டோமா இல்லையா என்று எவரும் சொல்லமுடியாது. பின்னதை ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தராசும் இருந்தால் எவரும் சரிபார்த்துவிடலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இவ்வேறுபாடு புதியதன்று. வரப்பின்மேல் நின்று பயிரின் பசுமையைப் பார்த்து மகசூலை எழுதுவது எவ்வளவு பிசகாகும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதனாலேயே நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்யும்பொழுது 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள துண்டை அளந்து, அறுத்து, அடித்து, நிறுத்து, அதைக்கொண்டு மகசூலைக் கணக்கிடுகிறார்கள். இணையதளத்தை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்ற செய்தியும் வரப்பிலிருந்து கண்ட பசுமையே. அதிலிருந்து எத்தனை பொட்டலம் புறப்பட்டது, எவ்வளவு ரூபாய் வந்து சேர்ந்தது என்பதுதான் கண்டுமுதல்.

பார்த்தோர் தொகையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கூறவேண்டும். தளம் திறந்த முதல் வாரத்தில் அத்தொகை பெரும்பாலும் உயர்ந்தே காணும். அங்கத்தினர்களும், அவர்தம் பிள்ளைகளும், வெளிநாட்டிலுள்ள உறவினர்களும் ஆவலோடு திறந்து பார்ப்பதே அதற்குக் காரணம். தேடுதல் நிறுவனங்கள் உலகிலுள்ள பக்கங்களையெல்லாம் படித்து அட்டவணை இடுவதற்காக இயக்கும் தானியங்கிக் கருவிகளின் வருகையையும் சில எண்ணிகள் சேர்த்து எண்ணிவிடுகின்றன. இத்தொகையை நம்பி நெல்லை ஆலைக்கு அனுப்புதல் கூடாது. மாமரம் பூத்த பூவெல்லாம் காயாவதில்லை என்பதை அறிந்த குடியானவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டுவதில்லை.

ஒரு கணக்கு

விஷயம் தெளிவாகும்பொருட்டு ஓர் உற்பத்தியாளர் கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் எண்கள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு கம்பெனியாரும் தத்தம் எண்களை இட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காவிரிப் பாசனப் பகுதியில் 40 அங்கத்தினர் ஆளுக்கு ஓர் ஏக்கரில் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா முதலிய பாரம்பரிய நெல் சாகுபடி செய்கின்றனர் என்று கொள்வோம். விதைக்கும் வீட்டுக்கும் எடுத்தது போக ஏக்கருக்கு 1,000 கிலோ நெல் கம்பெனியின் கிடங்குக்கு வருமானால் மொத்தம் 40,000 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி காணும் என்று கொண்டால் 26,000 கிலோ அரிசியாகும்.

இந்த அரிசி முழுவதையும் தளத்தின் மூலமாகவே விற்றுவிட வேண்டுமென்று குழுவினர் தீர்மானித்தால் என்ன ஆகும்? வாங்குவோர் ஒருவர் ஒரு தடவைக்குச் சராசரி 2 கிலோ வாங்குவதாகக் கொண்டால் வருஷத்தில் 13,000 ஆர்டர்கள் வேண்டும். அதாவது ஞாயிற்றுக்கிழமை உட்பட நாளொன்றுக்கு 36. தளத்துக்கு வருவோரில் நூற்றுக்கு இருவர் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டால் (புதிய கடைக்கு இது தாராளமான கணக்கே) வருஷத்தில் 6,50,000 பேர் வரவேண்டும். பெயர் அறியப்படாத ஒரு கம்பெனியின் புதுத் தளத்துக்கு இவ்வளவு பேர் வருவது நடவாத காரியம். சரி, பத்தில் ஒரு பங்கை மாத்திரம், அதாவது 2,600 கிலோவை, தளத்துக்கு ஒதுக்கலாமே என்றால், அதற்கும் 65,000 பேர், நாளொன்றுக்கு ஏறக்குறைய 178 பேர் வந்தாக வேண்டும். முதல் வருஷத்துக்கு அதுவும் அதிகமே.

இனி, கிடங்கிலிருந்து தொடங்காமல் வருவோரிலிருந்து தொடங்கிக் கணக்கைத் திருப்பிப் போடலாம். முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு 10 பேரும், பின் ஆறு மாதத்தில் 20 பேரும் உண்மையாகவே அரிசி வேண்டி வருவதாகக் கொள்வோம். முன் ஆறு மாதத்தில் மாதம் 300 பேர். அவர்களில் 6 பேர் வாங்க, 12 கிலோ போகும். பின் ஆறு மாதத்தில் அது இரட்டிக்கும். வருஷம் முழுவதும் சேர்த்து 216 கிலோ. ஆகவே முதல் வருஷத்துக்கு 200 கிலோ என்று இலக்கு வைப்பதே பொருந்தும். 26,000 கிலோவில் 200 கிலோ என்பது நூற்றுக்கு ஒரு பங்கு கூட இல்லையே என்று குழுவில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் மீதியை வழக்கமான வழிகளில் விற்க ஏற்பாடு செய்துகொள்வதற்கு இந்தச் சிறிய எண்ணே துணைசெய்யும். பெரிய எண்ணை எழுதிவைத்துக்கொண்ட கம்பெனியார் மொத்த வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆடி மாதத்தில் அவரைத் தேடிக்கொண்டு போக நேரிடும்.

இதில் அரிசியின் குணமும் கவனிக்கத்தக்கது. தவிடு நீக்காத அரிசியில் தவிட்டிலுள்ள எண்ணெய்ச் சத்து நாளடைவில் கெட்டுச் சிக்கு வாடை ஏறிவிடும். நெல்லாக இருக்கும் வரையில் உமி அதைக் காக்கிறது. ஆதலால் தளத்தின் இலக்கு எவ்வளவோ, அதிலும் அடுத்த இரண்டொரு மாதத்துக்கு வேண்டியது எவ்வளவோ, அந்த அளவே அரைக்கவேண்டும். கருப்பு அரிசியின் பழைய பொட்டலத்தை ஒருமுறை வாங்கிச் சமைத்தவர் மறுமுறை அந்தத் தளத்தின் பக்கம் திரும்பமாட்டார்.

செலவின் எல்லை

இலக்கை எண்ணாக எழுதியவுடன், தளத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் தானே விளங்கிவிடுகிறது. மொத்த வியாபாரிக்கு விற்பதைவிடத் தளத்தில் விற்பதால், பொட்டலச் செலவு முதலியன போக, கிலோவுக்கு ரூ.40 அதிகம் நிற்பதாகக் கொள்வோம். அனுப்பும் கூலியை வாங்குபவரே ஏற்பது வழக்கம். 200 கிலோவுக்கு ரூ.8,000 ஆகும். தளத்தை அமைத்துக் கொடுக்க ஒருவர் ரூ.1,50,000 கேட்பாராயின், விற்பனை இந்த அளவிலேயே நிற்கும் பட்சத்தில் அத்தொகை திரும்ப 19 வருஷம் செல்லும்.

விற்பனை வருஷந்தோறும் இரட்டிக்கும் என்று வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திப் பாரம்பரிய நெல் வகைகளைப் பரப்பிய நெல் ஜெயராமன் (மறைவு 2018), ஒரு குடியானவருக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திரும்பப் பெறும் முறையைக் கையாண்டார். ஒரு மூட்டை கொண்டுவா என்று அவர் கேட்டிருந்தால் விதை வாங்க வந்தவர்களிற் பலர் தயங்கியிருக்கக்கூடும். நான்கு கிலோ எவராலும் கொடுக்கத்தக்கது. ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட நெல் வகைகள் மீண்டும் வயலுக்கு வந்தது இந்தச் சிறிய கணக்கினாலேயே. தளத்துக்கும் முதல் வருஷம் 200, இரண்டாம் வருஷம் 400, மூன்றாம் வருஷம் 800 கிலோ என்று வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து மிச்சம் ரூ.56,000. அமைக்கும் கூலி, பெயர்ப் பதிவு, வருஷாந்தர இடவாடகை, படம் எடுக்கும் செலவு யாவும் இந்தத் தொகைக்குள் அடங்கவேண்டும் என்பது தெளிவு. அடங்காவிட்டால் சிறிய தளமாக அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அரிசியின் பெயர், எடை, விலை, கம்பெனியின் விலாசம், தொலைபேசி எண், சமைக்கும் முறை இவ்வளவும் நான்கைந்து பக்கங்களில் அடங்கிவிடும். முகப்பில் தானே ஓடும் படங்களும் பாடும் பாட்டும் வைத்து, கைப்பேசியில் திறக்கவே அரை நிமிஷம் பிடிக்கும்படி செய்துவைத்தல் வாங்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதாகும்.

மூன்றாம் வருஷத்தின் 800 கிலோவுக்கு 20,000 பேர் புதிதாக வந்து பார்க்கவேண்டும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அரிசி ஒருமுறை வாங்கும் பொருளன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2 கிலோ வாங்கும் குடும்பம் வருஷத்தில் 12 கிலோ வாங்குகிறது. அத்தகைய குடும்பங்கள் 67 இருந்தால் 800 கிலோவும் போய்விடும். இருபதாயிரம் பேரைத் தேடுவதைவிட, வாங்கிய 67 குடும்பங்களை விடாமல் வைத்துக்கொள்வது எளிது. கம்பெனியார் எழுதிவைக்கவேண்டிய இலக்கு உண்மையில் இதுதான்: இந்த வருஷம் வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வாங்கினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தளம் பார்த்தோர் தொகை குறைவாயிருந்தும் நிலைத்து நிற்கும்.

சில்லறை விற்பனையைப் பற்றியே இதுவரை கூறப்பட்டது. தளத்தின் பலன் வேறு வழியிலும் வருவதுண்டு. நகரத்துச் சிற்றுண்டிச் சாலைக்காரர் ஒருவரோ, இயற்கை அங்காடிக்காரர் ஒருவரோ தளத்தில் விலாசம் கண்டு தொலைபேசியில் அழைத்து, மாதம் 50 கிலோ அனுப்ப இயலுமா என்று கேட்டால், அது வருஷத்தில் 600 கிலோ. அதில் கிலோவுக்கு ரூ.15 தான் அதிகம் நின்றாலும் ரூ.9,000 ஆகிறது, முதல் வருஷச் சில்லறை மிச்சம் முழுவதையும் விட இது அதிகம். ஆகவே பல கம்பெனிகளுக்கு, "நூறு சில்லறை ஆர்டர்" என்பதைக் காட்டிலும் "மாதந்தோறும் எடுக்கும் கடைக்காரர் மூவர்" என்பதே தகுந்த இலக்காகும். அப்படியானால் தளத்தில் பணம் கட்டும் வசதிகளைவிடத் தொலைபேசி எண் பெரிதாகத் தெரிவதும், கிடங்கில் எந்த ரகம் எத்தனை மூட்டை இருக்கிறது என்று மாதந்தோறும் மாற்றி எழுதுவதும், அழைப்பை எடுத்துப் பேச ஓர் ஆள் இருப்பதுமே முக்கியம். எந்த இலக்கு என்று முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் தளத்தை எப்படி அமைப்பது என்பதும் விளங்காது. தளம் அமைக்கும் தொழிலாளர் தமக்குத் தெரிந்ததைச் செய்து கொடுத்துப் போய்விடுவார். அவர் மேல் குறை சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு காலம்

காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்பிலேயே பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். புதுத் தளம் கூகுள் முதலிய தேடுதல் நிறுவனங்களின் அட்டவணையில் ஏறி, தேடுவோர் கண்ணில் படும் இடத்துக்கு வர நாட்கள் செல்லும். தேடலில் முன்னேறுவதற்காகச் செய்யும் திருத்தங்கள் பலன் காட்டப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் வரையில் ஆகும் என்று கூகுள் நிறுவனத்தாரே 2017-ம் வருஷத்தில் விளக்கியிருக்கின்றனர். முதல் இடத்தைப் பெற்றுத் தருவதாக எவரும் உறுதி கூற இயலாது என்றும் அவர்கள் தெரிவித்திருக்கின்றனர். ஆதலால் முப்பது நாளில் முதல் பக்கத்தில் முதல் பெயராக வரச்செய்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்போரைக் காரியதரிசிகள் உபசரித்து அனுப்பிவிடலாம். விளம்பரக் கட்டணம் செலுத்தினால் பெயர் மேலே வரும் என்பது உண்மையே. கட்டணம் நின்ற அன்றே அது இறங்கிவிடும். அக்கட்டணத்தையும் மேற்கண்ட ரூ.56,000-லேயே கழிக்கவேண்டும்.

கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர்கள். தளத்துக்கும் அவ்வளவு காலமாவது வேண்டும். ஆகையால் தை மாதத்தில் அறுவடையை வைத்துக்கொண்டு தளம் திறப்பது, நாற்றங்கால் விட்ட மறுநாள் களத்தைச் செதுக்குவது போன்றதே. ஆடி, ஆவணியில் சம்பா விதைப்பின்போதே தளத்தையும் திறந்துவிட்டு, பயிர் வளரும் காலத்தில் வாரத்துக்கொரு பக்கமாக உண்மையான விஷயங்களை எழுதி வந்தால், புது அரிசி வரும்பொழுது தளமும் ஓரளவு அறிமுகமாகியிருக்கும்.

எழுதத்தக்க விஷயங்கள் யாவை என்பதை வாங்குவோர் கேட்கும் கேள்விகளே காட்டும். கருப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும் என்பதை அறியாமல் வாங்கிச் சென்று, வேகவில்லை என்று குறை கூறுவோர் பலர். அதை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால், சமைக்கும் முறை தேடுவோரும் வருவர், வாங்கியவரின் குறையும் தீரும். ஆனால் சமைக்கும் முறை தேடி வருபவர் வேறு, "5 கிலோ விலை என்ன" என்று தேடி வருபவர் வேறு என்பதை நினைவில் வைக்கவேண்டும். முன்னவர் நூறு பேர் வந்தாலும் ஒருவர் வாங்குவது அரிது. பின்னவர் பத்துப் பேர் வந்தால் ஒருவர் வாங்கக்கூடும். எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தனர் என்பதைக் காட்டும் கருவியைக் கூகுள் நிறுவனத்தார் கட்டணமின்றி அளிக்கின்றனர். மாதம் ஒருமுறை அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தினந்தோறும் பார்ப்பது முளைத்த விதையைத் தோண்டிப் பார்ப்பதாகும். "கவுனி" என்றும் "கவுணி" என்றும் மக்கள் இருவிதமாக எழுதித் தேடுவதால் இரண்டு எழுத்தும் பக்கத்தில் எங்காவது வருதல் நலம்.

விற்பனை எண்ணை உயர்த்தும் ஆசையில் இந்த அரிசி நீரிழிவைக் குணப்படுத்தும், அந்த அரிசி இன்ன வியாதியைப் போக்கும் என்றெல்லாம் எழுதிவைக்கும் தளங்களும் உண்டு. உணவுப் பொருள் வியாதியைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018-ம் வருஷத்திய உணவுப் பாதுகாப்பு விளம்பர ஒழுங்குமுறை விதிகள் தடுக்கின்றன. அப்படி எழுதித்தான் இலக்கை எட்டவேண்டுமானால் இலக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கையிருப்பும் ஆள்பலமும்

இலக்கு சிறிதாய் இருப்பதில் எவ்வளவு கெடுதல் உண்டோ, அதைவிட, தாங்கமாட்டாத அளவுக்கு ஆர்டர் வந்துவிடுவதில் கெடுதல் அதிகம். பண்டிகைக் காலத்தில் எங்கோ ஒருவர் கம்பெனியின் அரிசியைப் புகழ்ந்து எழுதியதால் ஒரே வாரத்தில் 300 ஆர்டர்கள் வந்துவிட்டன என்று கொள்வோம். பொட்டலம் கட்ட இரண்டு பேரே உள்ள கிடங்கில் நாளொன்றுக்கு 25 தான் அனுப்ப முடியுமானால் 12 நாள் ஆகும். பணம் கட்டியவர் அத்தனை நாள் பொறுக்கமாட்டார். இணையவழி வியாபாரத்துக்கென 2020-ம் வருஷத்தில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்டவேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். கம்பெனியின் காரியதரிசியே இதற்கும் பொறுப்பென்றால், அவர் நாற்று நடவிலும் வங்கியிலும் அலையும் மாதங்களில் இதை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஆகவே மேல்வரம்பு ஒன்றும் இலக்கோடு சேர்த்து எழுதத்தக்கது: நாளொன்றுக்கு 25-க்கு மேல் ஆர்டர் வந்தால் அன்றைக்கு விற்பனைப் பக்கத்தை நிறுத்திவைத்து, அடுத்து எந்தத் தேதியில் கிடைக்கும் என்று அறிவித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நலம். தளத்தின் பெயரை அமைப்பவர் தம் பெயரில் பதிவு செய்துகொள்வதும், சில வருஷம் கழித்து அவர் தொழிலை விட்டுப் போய்விட, புதுப்பிக்காமல் அப்பெயர் கைநழுவி வேறொருவர் வசம் போய்விடுவதும் நேர்வதுண்டு. மூன்று வருஷம் சேர்த்த வாடிக்கையும் அதோடு போய்விடும். பெயர்ப் பதிவு கம்பெனியின் பெயரிலேயே இருக்கவேண்டும். புதுப்பிக்கும் தேதியும் கடவுச்சொற்கள் வைத்திருப்பவர் யார் என்பதும் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவேண்டும்.

கணக்கு வைக்கும் முறை

பெரிய கருவிகள் எவையும் வேண்டுவதில்லை. தொலைபேசி வைத்திருப்பவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். தேதி, ஊர், கேட்ட சரக்கு, வாங்கினாரா, எவ்வளவு, இதற்கு முன் வாங்கியவரா, கம்பெனியைப் பற்றி எங்கே அறிந்தார் என்று ஏழு பத்தி கிழித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்தியே மிகவும் முக்கியமானது. தளத்தைப் பார்த்து அழைத்தவரும், உறவினர் சொல்லி அழைத்தவரும், உழவர் சந்தையில் வாங்கிப் பொட்டலத்திலிருந்த எண்ணைக் கண்டு அழைத்தவரும் கலந்தே இருப்பர். எல்லாவற்றையும் தளத்தின் கணக்கில் எழுதிவிட்டால் இல்லாத பலனை இருப்பதாகக் காட்டும். ஒன்றையும் எழுதாவிட்டால் இருக்கும் பலனும் தெரியாது. பொட்டலத்தின் மேலுள்ள சிறிய சீட்டினால் வந்த அழைப்புகள் தளத்தினால் வந்தவற்றைவிட அதிகம் என்று தெரியவந்தால், அடுத்த வருஷம் சீட்டைப் பெரிதாக அச்சிடுவதற்கு அதுவே காரணமாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகத்தை இயக்குநர் குழுவின் முன்வைத்துக் கூட்டிப் பார்க்கவேண்டும். முதல் மூன்று மாதத்தில் இலக்கின் நான்கில் ஒரு பங்கு வரவில்லையே என்று இலக்கை மாற்றுவது சரியன்று. மேற்கண்ட கணக்கிலேயே முன் ஆறு மாதத்துக்கு மொத்தம் 72 கிலோதான் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்பது மாதம் ஆகியும் 60 கிலோவைத் தாண்டவில்லையானால் எண்களைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது அவசியம். வருவோர் குறைவா? அப்படியானால் பக்கங்களில் எழுதியிருப்பது போதாது, அல்லது எவரும் தேடாத சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது. வருவோர் உண்டு, வாங்குவோர் இல்லையா? அப்பொழுது விலையையும் அனுப்பும் கூலியையும் பார்க்கவேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு அரிசியின் விலையில் பாதி கூலி ஆகுமானால் எவரும் வாங்கத் தயங்குவர். 5 கிலோவாக வாங்கினால் கூலி எவ்வளவு குறையும் என்பதைப் பக்கத்திலேயே காட்டிவிட்டால் அது ஓரளவு சரியாகும். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரவில்லையா? அப்பொழுது குறை தளத்தில் இல்லை. கிடங்கிலோ ஆலையிலோ இருக்கிறது.

இரண்டாம் வருஷ முடிவில் மொத்த விற்பனை 300 கிலோவுக்கும் குறைந்து, மாதந்தோறும் எடுக்கும் கடைக்காரர் ஒருவரும் அமையாமற் போனால், விற்பனைப் பக்கத்தை நீக்கிவிட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் சரக்கு விவரமும் மாத்திரம் உள்ள ஒரு பக்கமாகத் தளத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பெயர்ப் பதிவையும் ஒரு பக்கத்தையும் வைத்துக்கொள்ள ஆகும் செலவு சொற்பமே. கூகுள் வரைபடத்தில் கம்பெனியின் இடத்தைக் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளவும் இயலும். இந்த எண்ணை இரண்டாம் வருஷக் கடைசியில் யோசிக்காமல், தளம் தொடங்கும் முன் கூடும் பொதுக்குழுவிலேயே தீர்மானமாக எழுதி, அங்கத்தினர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் பெற்றுவைக்க வேண்டும்.